எங்கேயும் போகாத படிக்கட்டு

"இந்த வருஷம் நம்மாத்துக் கொலுவுல படி கிடையாது!"

நான் இப்படி அறிவித்தபோது என் மனைவி நீரஜா வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். சீவுவதை நிறுத்தவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவ்வளவு உற்சாகத்தில் இருந்தேன்.

காரணம், முந்தைய ஞாயிற்றுக்கிழமை அடையாறில் நான் கேட்ட ஒரு சொற்பொழிவு. ஏசிக்காகத்தான் போனேன், அதை மறைப்பானேன். தூங்கலாம் என்று கண்ணை மூடினேன். பேச வந்த கட்டடக்கலை நிபுணர் விளக்கை அணைத்துவிட்டுத் திரையில் ஒரு படம் போட்டார். மூடிய கண் திறந்தது. அப்புறம் மூடவேயில்லை.

பின்நவீனக் கட்டடக்கலையாம்! ஐரோப்பாவில் இரண்டு கட்டடங்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடனம் ஆடுகின்றன. அமெரிக்காவில் கூடை விற்கும் கம்பெனி ஒன்று தன் அலுவலகத்தையே ஏழு மாடிக் கூடையாகக் கட்டி, மேலே கைப்பிடியும் வைத்தது. இன்னொரு இடத்தில் ஒரு தூண் கூரையிலிருந்து இறங்கி வருகிறது. வந்து, தரையைத் தொடாமல் பாதியிலேயே நின்றுவிடுகிறது!

"தூண் என்றால் தாங்கத்தான் வேண்டும் என்று யார் சொன்னது?" என்று கேட்டார் நிபுணர்.

நான் எழுந்து நின்று கைதட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை. புரட்சி எப்போதும் ஒருவனிடமிருந்துதான் தொடங்குகிறது.

வாசகர்களிடம் மட்டும் ஒரு ரகசியம் சொல்கிறேன். என் கொள்கை பின்நவீனம். என் காரணம் ரிக்ளைனர்.

மயிலாப்பூர் சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில் இரண்டாவது மாடி ஃப்ளாட் எங்களுடையது. கூடத்தின் கிழக்கு மூலையில், டிவிக்கு எதிரே, என் ரிக்ளைனர் நாற்காலி. பித்தானை அழுத்தினால் முதுகு சாயும், கால் நீளும். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் நாளெல்லாம் மற்றவர்களுடைய விபத்துகளைப் படித்துவிட்டு வருகிறவனுக்கு உலகத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே சுகம் அது. அதே மூலைக்கு நீரஜா மூன்று வருஷமாக ஓர் ஊஞ்சல் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நானும் மூன்று வருஷமாக "இடம் எங்கே இருக்கு?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் நவராத்திரி வந்தால் என் பாச்சா பலிக்காது. ஒன்பது படி கிழக்குச் சுவரை அடைத்துக்கொள்ளும். ரிக்ளைனர் படுக்கையறையில் சிறை. நான் பின்பக்க பால்கனியில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில், ஒரு ஸ்டூலில். இந்த வருஷம் அதே ஒன்பது நாளில் கிரிக்கெட் தொடர் வேறு! படியே இல்லாத கொலு என்றால்? பொம்மைகள் சுவரில் ஏறும், கூரையிலிருந்து தொங்கும். தரை முழுக்க எனக்கு!

"படி கிடையாதுன்னா பொம்மையெல்லாம் எங்க நிக்கும்?" என்றாள் நீரஜா. அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

"நிக்கணும்னு என்ன கட்டாயம்? படிங்கறது பழைய சிந்தனை. ஒருத்தர் மேல, ஒருத்தர் கீழ. நான் அதை உடைக்கப் போறேன்."

"பொம்மையையா?"

"சிந்தனையை!"

"பள்ளிகொண்ட பெருமாளைத் தொங்க விட்டுடாதீங்கோ. பாவம், அவர் படுத்துண்டிருக்கார்."

"அவருக்குச் சுவத்துல தனிப் பலகை. ஒரே ஒரு படிக்கட்டு மட்டும் உண்டு. அது சும்மா ஏறிண்டே போய்க் கூரைகிட்ட நின்னுடும். எங்கேயும் போகாது."

"நம்மாத்துல எது எங்க போயிருக்கு?" என்றாள். பிறகு வாழைக்காயிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். "கலசம் எங்க?"

"மையம்னு ஒண்ணு கிடையாது. எங்க வேணா வெச்சுக்கோ."

"எங்க வேணாவா?"

"எங்க வேணா!"

"அப்போ எந்தப் பொருளும் அதுக்குன்னு ஏற்பட்ட வேலையைச் செய்ய வேண்டாம்கறேள்."

"அதேதான் நீரஜா! எவ்வளவு சீக்கிரம் புரிஞ்சுண்டே!"

"அழகா இருக்கே. ஒரு சார்ட் பேப்பர்ல எழுதி வாசல்ல ஒட்டுங்கோ. வரவா எல்லாரும் படிக்கட்டும்."

இருபத்தேழு வருஷத் தாம்பத்தியத்தில் என் கருத்து ஒன்று சார்ட் பேப்பருக்குத் தகுதி பெற்றது அதுதான் முதல் தடவை. கொட்டை எழுத்தில் எழுதினேன்: "எந்தப் பொருளும் தன் பழைய வேலையைச் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை." கீழே கையெழுத்தும் போட்டேன். ராகவேந்திரன், தேதியுடன்.

மறுநாளே தச்சர் மண்ணாங்கட்டி வந்தார். நான் வரைந்த படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, தூணு தரைய தொடாம கீது?"

"தொடாது. தொங்கும்."

"தொங்குனா அது தூணு இல்ல சார், லைட்டு."

"தூண்தான் மண்ணாங்கட்டி. ஆனா எதையும் தாங்காது."

"சரி, இந்தப் படிக்கட்டு எங்க போவுது?"

"எங்கேயும் போகாது."

"அப்ப யாரு ஏறுவாங்க?"

"யாரும் ஏற மாட்டாங்க."

"அப்ப நான் இன்னாத்துக்கு சார் கஷ்டப்பட்டு இழைக்கணும்?"

நான் அரை மணி நேரம் விளக்கினேன். நடனமாடும் கட்டடம், கூடைக் கட்டடம் எல்லாம் செல்போனில் காட்டினேன். மண்ணாங்கட்டிக்கும் மெல்ல உற்சாகம் தொற்றிக்கொண்டது. "நைனா! கைப்பிடி வச்சிக்கீறான் பாரு!" என்று கூவினார். பிறகு சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அம்மா இன்னா சொன்னாங்க?"

"உடனே ஒத்துக்கிட்டாங்க."

மண்ணாங்கட்டி உளியைக் கீழே வைத்தார். "உடனேவா? சார், உஷாரா இரு. எங்கூட்டு ஜானகி ஒரு வாட்டி இப்டித்தான் உடனே ஒத்துக்கிச்சு. அன்னிலேர்ந்து நான் மொட்ட மாடிலதான் படுத்துக்கினு கீறேன்."

நான் சிரித்தேன். ஜானகி வேறு, நீரஜா வேறு என்றேன்.

தூணைத் தொங்கவிடக் கூரையில் கொக்கி போட்டார். தடித்த இரும்புக் கொக்கி, நாலு.

"ஒரு தூணுக்கு எதுக்கு நாலு? தெர்மாகோல்தானே?"

"பேலன்ஸு சார்," என்றார், சமையலறைப் பக்கம் பார்த்துக்கொண்டே. "ரெண்டு ஆள் ஏறி உக்காந்தாலும் தாங்கும்."

என் தூணின் மேல் அவருக்கு இருந்த அக்கறையை நினைத்து நெகிழ்ந்துபோனேன்.

மகாளய அமாவாசைக்குள் கூடம் வேறு உலகம் ஆகிவிட்டது. தசாவதாரம் சுவரில் பாம்பாக வளைந்து ஏறியது. கல்யாண செட் ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே ஊர்வலம் போனது. தெர்மாகோல் கோபுரம் ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து நின்றது, கீழே லஸ் கார்னர் நாற்சந்தி, அதில் மெட்ரோவுக்காகத் தோண்டிய ஒரு பெரிய பள்ளம். படிக்கட்டு கம்பீரமாகக் கிளம்பிக் கூரைக்கு ஓரடி கீழே திகைத்து நின்றது. தூண் தொங்கியது. அதற்கு நேர் கீழே, தொட்டும் தொடாமலும், என் ரிக்ளைனர்! டிவி! ரிமோட்! எனக்குச் சொர்க்கம் தெரிந்தது.

கீழ் வீட்டு ஹம்சா மாமி எட்டிப் பார்த்தாள். "ஏன் நீரஜா, மெட்ரோக்காரன் உங்காத்துலயும் தோண்ட வந்துட்டானா?"

"அவருக்குக் கலை வந்திருக்கு மாமி," என்றாள் நீரஜா, அம்மை வந்திருக்கிறது என்று சொல்லும் தொனியில்.

சாயங்காலம் கலசம் வைக்க வேண்டும். நீரஜா என்னை மாட வீதிக்கு அனுப்பினாள். தாழம்பூ, மாவிலை, கோலப்பொடி, ஒரே அளவில் இரண்டு தேங்காய். ஒரே அளவில் இரண்டு தேங்காய் கிடைக்க ஒன்றரை மணி நேரம் ஆனது.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் கலசம் வைத்துவிட்டால் விஜயதசமி முடியும்வரை கொலுவில் இருக்கும் ஒரு துரும்பைக்கூட அசைக்கக் கூடாது. ஒரு வருஷம் என் மூக்குக் கண்ணாடியை மறதியாக நாலாவது படியில் வைத்துவிட்டேன். அதற்குள் கலசம் ஏறிவிட்டது. ஒன்பது நாளும் அது கூர்மாவதாரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. நான் ஆபீஸ் ஃபைலை மூக்கில் ஒட்டிக்கொண்டு படித்தேன்.

தேங்காயோடு உள்ளே நுழைந்தேன். சாம்பிராணிப் புகை. மணிச் சத்தம். புகை விலகியது.

என் ரிக்ளைனர் முழுசாக விரிந்து கிடந்தது. மஞ்சள் நீர் தெளித்து, பட்டுப் புடவை விரித்து, மேலே கோலம் போட்ட மணை. மணையில் கலசம். தேங்காய் ஏற்கெனவே இருந்தது! இரண்டு கைப்பிடியிலும் மரப்பாச்சி தம்பதிகள். கால் நீட்டும் இடத்தில் செட்டியார் கடை பரப்பி உட்கார்ந்திருந்தார். டிவியை மூடி ஒரு காஞ்சிப் பட்டு. லஸ் கார்னர் பள்ளத்தின் குறுக்கே பாலமாக என் ரிமோட்!

"நீரஜா!" என்றேன். அது குரல் இல்லை, காற்று.

"எங்க வேணா வெச்சுக்கோன்னேளே."

"அது என் நாற்காலி!"

"நாற்காலின்னா உக்காரத்தான் வேணும்னு யார் சொன்னா?"

கை நீட்டி வாசல் பக்கம் காட்டினாள். திரும்பிப் பார்த்தேன். சார்ட் பேப்பர். கொட்டை எழுத்து. என் கையெழுத்து, தேதியுடன்.

"ரிமோட்டையாவது..."

"கலசம் வெச்சாச்சு. பாலத்தை எடுத்தா ஜனங்க எப்படி ரோடு தாண்டுவா?" என்றாள். பள்ளத்தின் ஓரத்தில் மூன்று மண் பொம்மைகள் உண்மையிலேயே காத்துக்கொண்டிருந்தன.

சரி, ஒன்பது நாள்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டூலுக்குப் போனேன். பக்கத்து வீட்டு டிவியில் சிக்ஸர் அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. யார் அடித்தார்கள் என்று தெரியாது.

ஆனால் கொலு பிய்த்துக்கொண்டு போயிற்று! இரண்டாம் நாளே தெப்பக்குளம் வரைக்கும் பேச்சு. மூன்றாம் நாள் மந்தைவெளியிலிருந்து வந்தார்கள். நாலாம் நாள் திருவான்மியூர், ஐந்தாம் நாள் நங்கநல்லூர். சுண்டல் பாத்திரம் இரண்டு தடவை ஏறி இறங்கியது. எல்லாரும் என்னைத்தான் தேடினார்கள். எனக்கும் வருத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, தலை கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்தது.

ஏழாம் நாள் எங்கள் குடியிருப்பின் கொலுப் போட்டிக்கு நடுவராக ஸ்ரீரஞ்சனி என்றொரு பெண் வந்தாள். கட்டடக்கலை படித்தவளாம். தூணைப் பார்த்துத் தலையசைத்தாள். படிக்கட்டைப் பார்த்துச் சிரித்தாள். ரிக்ளைனர் முன்னால் வந்து அப்படியே நின்றுவிட்டாள்.

"இது பிரமாதம்! மனுஷன் சாயற எடத்துல அம்பாள். இது யாரோட ஐடியா?"

"எல்லாம் இவரோடதுதான்," என்றாள் நீரஜா. "நான் சுண்டலோட சரி."

"சார், நீங்க தினமும் உக்கார்ற நாற்காலியா? இதை இப்படிக் குடுக்க எப்படி மனசு வந்தது?"

ஹம்சா மாமி செல்போனைத் தூக்கிப் படம் பிடிக்கத் தொடங்கினாள். இருபது பேர் என் முகத்தையே பார்த்தார்கள். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். அந்த நிமிஷத்தில் என் நாக்கை யாராவது கட்டிப் போட்டிருக்கலாம்.

"கலைக்கு முன்னால சுகம் எம்மாத்திரம்? இந்த நாற்காலி இனிமே நாற்காலி இல்லை. இனி யாருமே இதுல உக்கார முடியாது. நான் உள்பட!"

கைதட்டல்! அடையாறில் நான் தனியாகத் தட்டியதற்கு வட்டியும் முதலுமாகக் கிடைத்தது. முதல் பரிசும் எங்களுக்கே. வெள்ளிக் குங்குமச் சிமிழ், நீரஜா வாங்கிக்கொண்டாள்.

விஜயதசமி ராத்திரி வழக்கப்படி ஒரு மரப்பாச்சியைப் படுக்க வைத்தோம். மறுநாள் பொம்மைகளைப் பழைய வேஷ்டித் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றினோம். கலசம் இறங்கியது. மணை இறங்கியது. நான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ரிமோட்டைப் பள்ளத்திலிருந்து மீட்டுக்கொண்டு, பத்து நாள் ஏக்கத்தோடு ரிக்ளைனரை நோக்கி நடந்தேன்.

"ஏன்னா! என்ன காரியம் பண்றேள்?"

"உக்காரப் போறேன்."

"அம்பாள் ஒம்பது நாள் எழுந்தருளியிருந்த எடத்துலயா? லுங்கியோடயா?"

கால் அந்தரத்தில் நின்றது. என் தூண் மாதிரியே, தரையைத் தொடாமல்.

நீரஜா செல்போனை எடுத்தாள். என் குரல் கூடம் முழுக்க ஒலித்தது. "...இனி யாருமே இதுல உக்கார முடியாது. நான் உள்பட!" கைதட்டல்.

"மாமி எடுத்தது. நம்ம நூத்தியெட்டு ஃப்ளாட்டுக்கும் போயிருக்கு," என்றாள் சாந்தமாக.

அழைப்பு மணி அடித்தது. மண்ணாங்கட்டி. தோளில் தேக்குப் பலகை, கையில் நாலு பித்தளைச் சங்கிலி. என் கண்ணைப் பார்க்காமல் உள்ளே வந்து, ரிக்ளைனரை ஓரமாகத் தள்ளினார், தூணை இறக்கினார், சங்கிலிகளை மாட்டினார். நாலு கொக்கிக்கும் நாலு சங்கிலி. பலகை சொல்லிவைத்த மாதிரி பொருந்தியது.

"பேலன்ஸு சார்," என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு.

நீரஜாவும் ஹம்சா மாமியும் ஏறி உட்கார்ந்தார்கள். ரெண்டு ஆள் எடையைக் கொக்கி தாங்கத்தான் தாங்கியது.

"ஊஞ்சல் மட்டும் அதோட பழைய வேலையைச் செய்யலாமா?" என்று கடைசி ஆயுதத்தை எடுத்தேன்.

"கட்டாயம் இல்லைன்னுதானே எழுதியிருக்கேள்? செய்யப்படாதுன்னு எழுதலையே," என்றாள் கணக்கு டீச்சர், காலால் தரையை உந்திக்கொண்டே.

இப்போது ரிக்ளைனர் என் பழைய வேஷ்டியில் சுற்றப்பட்டு, அடுத்த நவராத்திரியை எதிர்பார்த்துப் படுக்கையறையில் இருக்கிறது. எங்கேயும் போகாத என் படிக்கட்டு மட்டும் கடைசியில் ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பின்பக்க பால்கனி, வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில். மூன்றாவது படியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.