விலை இறங்க ஒரு ஜெபமாலை

"இன்னும் ஆறு மாசம் பொறு ஞானம். மனை வெலை எல்லாம் சரியப் போவுதாம். யூடியூப்ல கோட்டு போட்டவரு சொன்னாரு."

"போன வருசமும் அவரு அதே கோட்டப் போட்டுக்கினுதான் சொன்னாரு," என்றாள் ஞானசுந்தரி.

வில்லியனூரில் வாடகை வீடு. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது வீட்டுக்காரர் சட்டம். கல்யாணத்துக்கு வந்த மாதா படம் இன்றுவரை அரிசி டிரம்மில் சாய்ந்தே நிற்கிறது. சொந்தச் சுவரில் ஒரே ஒரு ஆணி அடித்துவிட்டால் போதும் என்பாள். அதை அவள் சிரிக்காமல் சொல்வதுதான் புருஷன் சவரிநாதனுக்குத் தாங்காது.

அவர் ஒரு தனியார் கல்லூரியின் பஸ் டிரைவர். மாலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, மதகடிப்பட்டு ரோட்டுக்கு உள்ளடங்கிய புது மனைப்பிரிவின் ஓரம் பஸ்ஸை நிறுத்துவார். வெறும் பொட்டல். ஆடு மேய்க்கும் வேலம்மாளின் ஆடுகளைத் தவிர அங்கே யாரும் குடிவரவில்லை. மூலை மனையில் செருப்பைக் கழற்றிவிட்டு, கால் கட்டைவிரலால் மண்ணில் கோடு கிழிப்பார். இது ஹால். இது சமையலறை. இது ஆணிச் சுவர். பக்கத்துக் கரும்புத் தோட்டத்துக்குப் பின்னால் வெயில் இறங்கும்போது அந்தக் கோடுகளின்மேல் மெல்லச் சுவர் எழும்பும், ஜன்னலில் விளக்கெரியும், உள்ளே மீன் குழம்பு கொதிக்கும். ஆடு ஒன்று சமையலறைச் சுவருக்குள் புகுந்து நடந்துபோகும்.

"கதவு வழியா வா," என்பார் அதனிடம்.

புரோக்கர் புகழ்வேந்தன் அடி ஆயிரம் ரூபாய் என்றான். "எறங்கட்டும்," என்றார் சவரிநாதன். அடுத்த மாதம் ஆயிரத்து இருநூறு ஆனது.

"ஏன்டா ஏறுது?"

"லொக்கேஷன் அப்பிடிண்ணா."

சவரிநாதன் லொக்கேஷனைச் சுற்றிப் பார்த்தார். ஆடுகள்தான் தெரிந்தன. கோட்டுக்காரரை மட்டும் நம்பினால் ஆகாது, மேலிடத்திலும் ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும் என்று தோன்றியது. குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் கொடுத்த ஓலைச் சிலுவையை ஒரு குச்சியில் கட்டி மூலை மனையில் நட்டார். தினமும் மெழுகுவத்தி ஏற்றி முழங்காலிட்டார்.

"மாதாவே, வெலைய எறக்கு."

விலை ஆயிரத்து ஐந்நூறு ஆனது.

"நீ ஒத்த ஆளு முணுமுணுத்தா மாதாவுக்கு எப்பிடிக் கேக்கும்?" என்று ஞானசுந்தரி காரியத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். சனிக்கிழமை மாலை தெருப் பெண்கள் அத்தனை பேரும் கல்லூரி பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். செங்கல் அடுக்கி, அதன்மேல் அரிசி டிரம் மாதாவை ஏற்றி வைத்தார்கள். ஜெபமாலை சொன்னார்கள். அவர்கள் பாடிய பாட்டு கரும்பின்மேல் மிதந்துபோனது. ரோட்டில் போன கார்கள் நின்று பார்த்தன. மெழுகுவத்தி வெளிச்சத்தில் தன் வீட்டுக்குப் புதுமனை புகுவிழாவே நடப்பதுபோல் இருந்தது சவரிநாதனுக்கு. கண் கலங்கியது.

திங்கட்கிழமை புகழ்வேந்தன் போன் செய்தான்.

"ரெண்டாயிரம்ணா. உங்க மூலை மனைக்கே மூணு பார்ட்டி அட்வான்ஸோட நிக்கிறாங்க."

அன்று மாலை சவரிநாதன் தன் கட்டாத ஹாலில் போய் உட்கார்ந்தார். ஞானத்திடம் இதை எப்படிச் சொல்வது? ஆடுகளை ஓட்டிக்கொண்டு வேலம்மாள் வந்தாள்.

"ஏம்மா, இந்தப் பொட்டல்ல இன்னா இருக்குன்னு இப்பிடி வெலை ஏறுது?"

வேலம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னா தம்பி, ஒண்ணுந் தெரியாதவனாட்டம் கேக்குற? காலேஜ் பஸ்ஸு தெனம் வாசலாண்டயே வந்து நிக்கும், மாதா கோயிலு வேற வரப்போவுதுன்னு, மனை பாக்க வர்றவங்களுக்கெல்லாம் புரோக்கரு ஒன்னத்தான கைகாட்டிக்கினு கெடக்கான்."