குரல் இல்லாப் பாட்டுக்கு அக்காவிடம் விளக்கம்

அன்பில் குறைவில்லாத, கோபத்திலும் குறைவில்லாத அக்காவுக்கு,

உன் தம்பி வணக்கத்துடன் எழுதும் கடிதம். கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். எனக்கு மட்டும் இடது தோளில் பிடிப்பு. அந்த இடத்துக்குக் கிருபை இன்னும் வந்து சேரவில்லை. அத்தானுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன். இதையெல்லாம் போனிலேயே விசாரிக்கலாம். ஆனால் என் குரல் கேட்டதும் நீ போனை வைத்துவிடுகிறாய். நேற்று அத்தான் எடுத்து, "உங்கக்கா வீட்டுல இல்லைன்னு சொல்லச் சொல்றா" என்று உள்ளதை அப்படியே சொல்லிவிட்டார். ஆகவே கடிதம்.

உன் கோபத்தின் காரணம் உன் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ஞானப்பாட்டுகளைக் கீபோர்டில் வாசித்துப் பதிவு செய்து, வேண்டியவர்கள் இலவசமாக எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டு வருகிறேன் அல்லவா, அதில் ஒன்றில்கூடக் குரல் இல்லை, வெறும் வாத்தியம்தான். "கோயில் பாடகர் குழுவுல முன்வரிசையில நின்னவ நான் ஒருத்தி இருக்கேன். என் குரல் தேஞ்சு போச்சுன்னுதானே கூடப்பிறந்தவனே ஒதுக்கிட்டான்" என்றாயாம். அக்கா, ஆண்டவர் சாட்சியாகச் சொல்கிறேன், அப்படி இல்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படி.

நான் ஓய்வு பெற்றபோது லிப்ட் கம்பெனியில் கூட வேலை செய்தவர்கள் சேர்ந்து கீபோர்டு வாங்கிக் கொடுத்தார்கள். சுவர்க் கடிகாரம் வாங்கத்தான் போனார்களாம், கடை பூட்டியிருந்ததாம். அதை நான் சும்மா தட்டிக்கொண்டிருந்தபோது கீழ் வீட்டு நர்ஸ் படியேறி வந்தாள். சைக்கிள் கடை மாடியில் அவர்கள் பத்துப் பதினைந்து பேர் கூடி ஜெபம் செய்கிறார்கள், வாசிக்க ஆள் கிடையாது, முதல் அடியையே யாராவது உச்சத்தில் எடுத்துவிடுகிறார்கள், மூன்றாவது சரணம் வருவதற்குள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டு இவள் ஒருத்திதான் பாட்டோடு போராடிக்கொண்டிருக்கிறாள் என்று கஷ்டத்தைச் சொன்னாள். சரி என்று செல்போனிலேயே பதிவு செய்து கொடுத்தேன். அவள் தன் ஆஸ்பத்திரித் தோழிக்கு அனுப்ப, தோழி தன் சித்திக்கு அனுப்ப, எங்கெங்கேயோ இருந்து இந்தப் பாட்டு வேண்டும், அந்தப் பாட்டு வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். எனக்கு வாயால் ஜெபம் செய்ய வராது என்பது உனக்கே தெரியும், கண்ணை மூடினால் தூக்கம்தான் வரும். விரல் நகர்ந்தால்தான் எனக்கு ஜெபம். அதற்கு எப்படி விலை போடுவது? விளம்பரம் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு கம்பெனிக்காரர் கூப்பிட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கினேன், உன் தம்பி பெண்டாட்டிதான் தூங்கவில்லை.

பதிவு செய்வது லேசான காரியம் என்று நினைத்துவிடாதே. ஜன்னலுக்கெல்லாம் கம்பளி மாட்டி, மின்விசிறியை நிறுத்தி, இரைகிறது என்று பிரிட்ஜையும் நிறுத்தி, வேர்வை சொட்டச் சொட்ட உட்கார்ந்து வாசித்தேன். வாசித்த பூரிப்பில் பிரிட்ஜை மறுபடி போட மறந்து, பால் கெட்டு, வீட்டில் நான் வாங்கியது தனிக் கச்சேரி. இவ்வளவு செய்தும் எங்கள் கட்டடத்து லிப்ட் என்னை விடவில்லை. இரண்டாவது சரணம் முடிந்த இடைவெளியில் "தயவுசெய்து கதவை மூடவும்" என்று ஒரு பெண் குரல் தெளிவாகப் பதிவாகிவிட்டது. காலமெல்லாம் லிப்டுக்கு வைத்தியம் பார்த்தவனுக்கு லிப்ட் செய்த மரியாதை அது. சைக்கிள் கடை மாடியில் அந்த இடம் வந்தால் ஒருவர் எழுந்து போய்க் கதவை மூடிவிட்டு வந்து மீதியைப் பாடுகிறாராம்.

இப்போது குரல் விஷயத்துக்கு வருகிறேன். குரல் சேர்த்துப் பார்க்காமல் இல்லை. ஒரு பாட்டில் நானே பாடினேன். நர்ஸ் பயந்து பயந்து வந்து, "சார், நீங்க பாடினா எங்காளுங்க பாடாம கேட்டுக்கிட்டு உக்காந்துடறாங்க" என்றாள். என் குரலுக்கே உட்கார்ந்துவிட்டார்கள் என்றால் உன் குரலுக்கு எழுந்திருப்பார்களா? பாடுகிறவரின் இடத்தை நான் காலியாக விட வேண்டும், அவரவர் வந்து அதில் நின்று பாட வேண்டும், இந்த வேலையே அதற்குத்தான். ஆகவே உன்னைச் சேர்க்காதது உன் குரலுக்கு நான் செய்த மரியாதை. உன் தம்பி பெண்டாட்டி இந்த வரியை எட்டிப் பார்த்துவிட்டு, "இதை அக்கா நம்புவாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள். நீ நம்பு.

இதற்குள் ஓய்வு பெற்ற பேண்டு மாஸ்டர் ஒருவர், நான் தாளத்தைக் கொலை செய்கிறேன் என்று எழுதியிருந்தார். பாட்டுக்குப் பாட்டு, அடியின் நட்டநடுவில், வேண்டாத இடத்தில் நின்று நின்று போகிறேனாம். நான் எங்கே நின்றேன் என்று எனக்கே தெரியாது. போட்டுக் கேட்டேன், மனுஷர் சொன்னது சரிதான். ரோஷம் வந்து, டிக் டிக் என்று தாளம் தட்டும் கருவி ஒன்றை வாங்கி, எல்லாப் பாட்டையும் முதலிலிருந்து வாசித்து, பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டேன். பேண்டு மாஸ்டர் பாராட்டினார். அந்த வாரமே ஒரு முதியோர் இல்லத்து வார்டன் அம்மா போன் செய்தார். "ஐயா, புதுசுல எங்க ஆளுங்களுக்கு மூச்சு பத்தலைய்யா. பழசுல நீங்க காத்துக்கிட்டு இருந்தீங்க. ரெண்டு பேர் பாடறதையே விட்டுட்டாங்க. பழசையே போடுங்கய்யா" என்றார்.

நான் யாருக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்? யோசித்தபோதுதான் அக்கா, பிடிபட்டது. நம் சின்ன வயதில் சாயங்கால ஜெபத்தில் அப்பா ஆர்மோனியத்தை என்னிடம் தள்ளிவிடுவார், நீ பாடுவாய். உனக்கு அப்போதே இளைப்பு. அடியின் நடுவில் நின்று மூச்சு வாங்குவாய், நான் காத்திருக்க வேண்டும், காத்திருக்காவிட்டால் முதுகில் கிள்ளுவாய். அந்த பயம் விரலிலேயே தங்கிவிட்டது போலிருக்கிறது. உன் இளைப்புக்காக நின்ற இடத்தில் இன்றைக்கு எந்தெந்த ஊர்களிலோ முகம் தெரியாத கிழவர்களும் நோயாளிகளும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மேலே பாடுகிறார்கள். இது தெரிந்த அன்று நான் கீபோர்டின் முன்னால் உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன். பழைய பதிவுகளையே திரும்பப் போட்டுவிட்டேன். பேண்டு மாஸ்டர் இப்போது என்னோடு பேசுவதில்லை. நீயும் பேசாவிட்டால் என்னால் தாங்க முடியாது, முதுகில் கிள்ள எனக்கு வேறு ஆள் கிடையாது.

ஆகவே பாட்டில் குரல் இல்லாததற்கு நியாயமான காரணம் உண்டு என்பதும், இனியும் குரல் சேர்ப்பதாக இல்லை என்பதும், அதில் உன்மேல் துளியும் குறை இல்லை என்பதும் இதனால் விளங்கியிருக்கும். இளைப்புக்கு மருந்தை நேரத்துக்கு எடுத்துக்கொள். அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். ஆண்டவர் உன் வீட்டையும் உன் கோபத்தையும் தம் கையில் வைத்துக் காப்பாராக.

இப்படிக்கு,
உன் கிள்ளு வாங்கிய தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உன் தம்பி பெண்டாட்டி வாங்கி முழுக்கப் படித்தாள். "இவ்வளவு எழுதியிருக்கீங்களே, பாடறீங்களான்னு அக்காவை ஒரு தடவையாவது கேட்டீங்களா?" என்றாள். யோசித்துப் பார்த்தேன். மரியாதை அது இது என்று மேலே எழுதியதெல்லாம் இருக்கட்டும், அக்கா, நான் கேட்கவே இல்லை. கேட்காமல் நானே முடிவு செய்துவிட்டேன். எனவே இந்தக் கடிதத்தைப் படித்ததாக வைத்துக்கொள்ளாதே. ஜனங்கள் பாடாமல் உட்கார்ந்து கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். எந்தப் பாட்டு என்று நீயே சொல், நான் வாசிக்கிறேன்.

அக்கா, பாடறியா?