போச்சு சாரின் மீசைக்கார மாப்பிள்ளை

அமெரிக்காவில் நாங்கள் குடியிருக்கும் ஆலன் ஊரிலுள்ள மொத்தக் கவலையையும் மூட்டை கட்டி ஒரே ஆளின் தலையில் வைத்தாலும், "வேற ஏதாவது விட்டுப்போச்சா?" என்று திரும்பிப் பார்க்கக்கூடியவர் எங்கள் பக்கத்து வீட்டு போச்சு சார். நிஜப் பெயர் அவருடைய கம்பெனிக்குத் தெரிந்திருக்கலாம். எங்கள் தெருவுக்குத் தெரியாது. வாயைத் திறந்தால் முதலில் வருவது "போச்சு!" என்பதால் அந்தப் பெயர். கோயில் பிரசாத வரிசையில் நின்றால், "போச்சு, நம்ம முறை வர்றதுக்குள்ள புளியோதரை தீர்ந்துடும்" என்பார். கையில் கிடைத்ததும், "போச்சு, ஸ்பூன் எடுக்கலை" என்பார்.

நான் தேனிப் பக்கத்துக்காரி. பத்தாவதோடு படிப்பு முடிந்தது. இங்கே வந்து இத்தனை வருஷமாகியும் யாராவது காலிங் பெல் அடித்தால் முதலில் சமையலறைக்குள் ஒதுங்கிவிடுவேன். போச்சு சாரோ பெல் அடிப்பதற்கென்றே பிறந்தவர்.

இப்படிப்பட்டவரிடம் அவருடைய மகள் வெளியூர் காலேஜுக்குப் போகும்போது ஒரு மீனை ஒப்படைத்துவிட்டுப் போனாள். க்ளவுன் லோச் என்று அதற்குப் பெயராம். ஆரஞ்சு உடம்பு, மூன்று கறுப்புப் பட்டை, வாயோரம் மீசை. தொட்டியின் அடியிலேயே கிடந்து மணலைத் துழாவும். சாப்பாட்டு நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் மரக்கட்டைக்குள் படுத்துக்கொள்ளும். அதனால் அந்தப் பெண் அதை மாப்பிள்ளை என்று கூப்பிட்டாள்.

ஒரு சனிக்கிழமை காலை பெல் அலறியது. "போச்சு சிஸ்டர்! மாப்பிள்ளை போயிட்டான்!"

என் வீட்டுக்காரர் முன்னால் ஓட, நான் பின்னால் போனேன். மீன் ஒருக்களித்துக் கிடந்தது. சார் மகளுக்கு வீடியோவில் காட்டினார்.

"அப்பா, ஹீஸ் ஜஸ்ட் ஸ்லீப்பிங்! லோச் அப்படித்தான் தூங்கும். ப்ளீஸ், எழுப்பாதீங்க!"

அதற்குள் சார் கரண்டியால் கண்ணாடியைத் தட்டிவிட்டார். செத்துப்போன மாப்பிள்ளை எழுந்து எங்களை முறைத்துவிட்டு மணலைக் கிளற ஆரம்பித்தது. அந்தக் கிளறலைப் பார்த்ததும், எப்போதும் திறக்காத என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அண்ணே, இது நம்ம ஊரு அயிரை மீன் மாதிரியே இருக்கு. புளி ஊத்திக் கொழம்பு வச்சா அம்புட்டு ருசியா இருக்கும்."

சார் மெல்ல நகர்ந்து எனக்கும் தொட்டிக்கும் நடுவில் நின்றுகொண்டார். அதற்குப் பிறகு எப்போது அந்த வீட்டுக்குப் போனாலும் அவர் நிற்கிற இடம் அதுதான். நான் புளி ஏதும் கொண்டுவந்திருக்கிறேனா என்பதுபோல் என் கையையே பார்ப்பார்.

மீன் தூங்கினால் அவருக்குப் பயம். தூங்காவிட்டால் அதைவிடப் பயம். "நேத்துலேர்ந்து படுக்கவே இல்லை சிஸ்டர், டிப்ரஷனா இருக்குமோ?" லோச்சுக்கு நத்தை பிடிக்கும் என்று மகள் சொன்னதும், சுத்த சைவக்காரரான அவர் பூஜை அலமாரியை மூடிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, இரண்டு விரலால் நத்தையைத் தொட்டிக்குள் போடுவார். பிறகு நேராகக் குளிக்கப் போவார். மாப்பிள்ளை தின்னத் தின்ன, குளித்துக் குளித்தே சாருக்குச் சளி பிடித்தது.

போன குளிர்காலத்தில் ஐஸ் மழை கொட்டித் தெரு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. வெப்ப நாட்டு மீன் அது. தொட்டியில் ஹீட்டர் ஓடினால்தான் பிழைக்கும். சார் வீட்டில் அடுப்புகூடக் கரண்டில்தான் எரியும். எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு.

மத்தியானம் கதவைத் தட்டும் சத்தம். திறந்தால், குரங்குக் குல்லாவோடு சார். கையில் பிக்னிக்குக்குக் கொண்டுபோகும் கூலர் பெட்டி. அதற்குள் தொட்டித் தண்ணீரும் மாப்பிள்ளையும்.

"சிஸ்டர்... உங்களை நம்பித்தான் வந்திருக்கேன்."

என் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? "வாங்க சார், அடுப்பு ரெடியா இருக்கு."

சார் பெட்டியோடு பின்வாங்கினார்.

"நீங்க வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க!" என்று என் வீட்டுக்காரரை அதட்டினேன். வெளி ஆள் முன்னால் நான் அதட்டியது அதுதான் முதல் தடவை. இரண்டு ஆண்களும் அடங்கிப்போனார்கள்.

குளிரிலும் புளிக்கட்டும் என்று இட்லி மாவுக்குச் சுற்றியிருந்த கம்பளியை உருவிப் பெட்டிக்குச் சுற்றினேன். பாட்டில்களில் வெந்நீர் நிரப்பி, மூடியை இறுக்கி, உள்ளே மிதக்கவிட்டோம். ஆனால் காற்று பம்ப் ஓடாதே, மீன் எப்படி மூச்சுவிடும் என்று சார் தவித்தார். சட்டென்று என் காபி டம்ளரை எடுத்தார். பெட்டித் தண்ணீரை மொண்டு, கையை உயர்த்தி, காபி ஆற்றுவதுபோல் ஆற்ற ஆரம்பித்தார். ஆபீஸில் ஒரு படையையே மேய்க்கிற மனிதர், என் சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு மீனுக்குத் தண்ணீர் ஆற்றினார். அவருக்குக் கை வலித்தபோது நான் ஆற்றினேன்.

"நுரை நல்லா வருது சார், சர்க்கரை போடலாம்," என்றார் என் வீட்டுக்காரர், சற்றுத் தள்ளி நின்று.

பொழுது சாயும்போது மாப்பிள்ளை ஒருக்களித்துவிட்டது. பட்டைகள் வெளுத்திருந்தன. செவுள் அசைகிறதா என்று மெழுகுவத்தி வெளிச்சத்தில் தெரியவில்லை. நான் சாருடைய வாயையே பார்த்தேன். அவர் போச்சு என்று சொல்லவில்லை. சொல்லாததுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

அந்த நேரம் பார்த்து மகளின் போன். "அப்பா, பவர் இல்லையாமே? மாப்பிள்ளை ஓகேவா?"

"நல்லாத்தான் இருக்கான்மா. தூங்கறான். நீ சாப்டியா?"

போனை வைத்துவிட்டு மறுபடி டம்ளரை எடுத்தார். "காலேஜுக்குக் கிளம்பறப்போ சூட்கேஸைக்கூட என்னைத் தூக்க விடலை சிஸ்டர். எல்லாம் நானே பாத்துக்கறேன்னுட்டா. இவனை மட்டும்தான் என்கிட்ட விட்டுட்டுப் போனா."

"தூங்குதுண்ணே. நீங்க ஆத்துங்க," என்று சொல்லிவிட்டு, ஆறிய பாட்டில்களை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போனேன்.

நாங்கள் அப்படியே ஆற்றுவதும் பாட்டில் மாற்றுவதுமாக இருந்தபோது, ஃப்ரிட்ஜ் உறுமியது. விளக்கு எரிந்தது. மூன்று பேரும் பெட்டிக்குள் தலையை நீட்டினோம். ஒரு மீசை ஆடியது. பிறகு மாப்பிள்ளை புரண்டு எழுந்து, ஒரு பாட்டிலில் போய் உரசிக்கொண்டது.

"போச்சு!" என்று சார் துள்ளினார். "அங்க தொட்டித் தண்ணி ஐஸாயிருக்குமே!"

அந்த வார்த்தையைக் கேட்டு நான் வாய்விட்டுச் சிரித்தேன். என் வீட்டுக்காரர் மீனை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

இந்த வருஷம் சார் மகளின் காலேஜுக்குப் பக்கமாக, வடக்கே வெஸ்ட் வின்ட்சருக்கு மாறிப் போய்விட்டார், மாப்பிள்ளையோடு. அங்கே பனி இங்கே இருப்பதைவிட அதிகமாம். அவருக்குப் பக்கத்து வீட்டில் கேஸ் அடுப்பு இருக்கிறதா என்று கேட்கத் தினமும் போனை எடுக்கிறேன். கூச்சம் வந்து, வைத்துவிடுகிறேன்.