சுவருக்கும் மின்னலுக்கும் ஒரே சம்பளம்

மேலாளரின் அறைக் கதவை அவர் தட்டவில்லை. தோளால் இடித்துக்கொண்டு நுழைந்தார். கால்பந்து அணியின் கோல்கீப்பர். ரசிகர்கள் வைத்த பெயர் 'சுவர்'. அன்று சுவர் கொதித்துக்கொண்டிருந்தது.

"மின்னலுக்கு ஒரே ஆட்டத்துல கிடைச்சது, எனக்கு ஒரு மாசச் சம்பளமாமே?"

மின்னல், கோல் அடிக்கிற இளைஞன். ஒரு நாள் மூன்று அடிப்பான். அப்புறம் வாரக்கணக்கில் பந்து அவன் காலைக் கண்டாலே ஒதுங்கி ஓடும்.

"அவனுக்குக் கோல் கணக்கு. நீங்க ஏற்ற இறக்கம் இல்லாம ஆடுறவர், அதனால மாசாமாசம்…"

"ஒழுங்கா ஆடுறவன் இளிச்சவாயனா? அவனுக்குப் போட்ட ஒப்பந்தத்தையே எனக்கும் போடுங்க."

"நான் சொல்றதை முழுசா…"

"கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு."

மேலாளர் பெருமூச்சோடு தாளை நீட்டினார். படிக்காமலேயே கையெழுத்து விழுந்தது.

படித்தவள் மனைவிதான். "ஏங்க, கோல் அடிச்சாத்தான் காசுன்னு போட்டிருக்கு. நீங்க தடுக்கிறவராச்சே?"

தாளைப் பிடுங்கி அவரே படித்துப் பார்த்தார். ஆனால் வீம்பு விடவில்லை. "அடிச்சுக் காட்டுறேன்."

அடுத்த ஆட்டத்தில் வலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பந்தோடு பாய்ந்தார். எதிரணிக்காரன் பறித்து, ஆளில்லாத வலைக்குள் நிதானமாக உருட்டிவிட்டான். ஆத்திரம் தலைக்கேறியது. மறுபடி ஓடினார். மின்னல் காலில் இருந்த பந்தையே பிடுங்கி வானத்துக்கு அனுப்பினார்.

"செவுரு எங்கடா போச்சு?" என்று கூட்டம் ஊளையிட்டது.

பயிற்சியாளர் அவரை வெளியே இழுத்து பெஞ்சில் உட்காரவைத்தார். பெஞ்சில் இருப்பவன் எங்கே கோல் அடிப்பது? அந்த மாதம் முழுக்கப் பல்லைக் கடித்தபடி அங்கேயே இருந்தார்.

சம்பள நாளில் அவருக்கென்று உறையே இல்லை. கணக்கரின் மேசையில் ஓங்கி அறைந்தார்.

"புத்தி கெட்டுக் கையெழுத்துப் போட்டுட்டேன். என் பழைய ஒப்பந்தத்தைத் திருப்பிக் கொடுங்க."

கணக்கர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தார்.

"அது முடியாதுண்ணே. நீங்க கையெழுத்துப் போட்ட மறுநாளே, நீங்க மாத்திக்கிட்டது தெரியாம மின்னல் கதவை உதைச்சுக்கிட்டு வந்தான். 'அடிச்சாலும் அடிக்கலைன்னாலும் அந்தாளுக்கு மட்டும் மாசாமாசம் வருது, எனக்கும் அதுதான் வேணும்'னு ஒரே சண்டை. காலியாத்தானே கிடக்குன்னு உங்களோடதை அவனுக்குப் போட்டுட்டோம்."