வீரணன் கடைக்கு வந்த மண்வாசனை

ஒரு காட்டில், துல்லியமாகச் சொன்னால் காட்டை வெட்டிவிட்டு அதன் பெயரை மட்டும் நுழைவாயில் வளைவில் எழுதிவைத்த புறநகர்க் குடியிருப்பில், ஞாயிறுதோறும் உழவர் சந்தை கூடியது. வீரணன் என்ற காட்டுப்பன்றி தன் மூக்காலேயே தோண்டிய சேனைக்கிழங்கை அங்கே விற்க வந்தான்.

இரண்டு வாரமாக ஒரு கிழங்குகூடப் போகவில்லை. மூன்றாவது வாரமும் போகாவிட்டால் அவன் இடம் அணிலின் கேக் கடைக்குப் போய்விடும். அதனால் அன்று மனைவி செவ்வந்தி கிழங்கைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினாள். அதே நாரால் வீரணனையும் தேய்த்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை மாட்டி அனுப்பினாள். டவுனுக்குப் போவதென்றால் அவள் வீட்டில் அப்படித்தான்.

வாங்க வந்தவர்களோ கசங்கிய கைத்தறியில், வாரத்தில் ஒருநாள் மட்டும் ஏழைகளாக இருந்தார்கள்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் புள்ளிமான் சாருலதா, வீரணனின் சட்டை மடிப்பைப் பார்த்தாள்.

"நீங்க விவசாயியா, ஏஜென்ட்டா சார்?"

"நானே தோண்டினதும்மா. மூக்கைப் பாருங்க."

"மூக்கு எல்லாருக்கும்தான் இருக்கு. கிழங்குல மண்ணே இல்லையே?"

"மண்ணையும் சேர்த்தா சமைப்பீங்க?"

"அசல் விவசாயி எதிர்த்துப் பேசமாட்டார்" என்று தீர்ப்பளித்தது பின்னால் நின்ற முயல்.

பத்து மணிக்குச் சந்தை முடியும். ஒன்பதரைக்கு வீரணனுக்குத் தலை கொதித்தது. காட்டுப்பன்றியின் கோபம் சேற்றில் புரண்டால்தான் அடங்கும், இது உயிரியல். அங்கே சேறு இருந்தது ஒரே இடத்தில்: இருநூறு வீட்டுக் கழிவுநீர் தேங்கும் பின்மதில் சாக்கடை. சட்டையோடு விழுந்து ஆசைதீரப் புரண்டான். பிறகு கடையைக் கட்டலாம் என்று திரும்பிவந்து கிழங்குகளைக் கோணியில் அள்ளினான். ஒவ்வொன்றிலும் சேறு அப்பிக்கொண்டது.

முயலின் மூக்கு துடித்தது. "ஆஹா, மண்வாசனை!"

சாருலதா கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். "எங்க தாத்தா வயல் அப்படியே இதே வாசனை. எங்கய்யா இருந்தீங்க இவ்வளவு நாளா? இங்க ஒரு ஏஜென்ட் நின்னுட்டிருந்தான், நல்லவேளை போயிட்டான்."

வீரணனுக்கு மனசாட்சி உறுத்தியது. "அம்மா, இது வயல் சேறு இல்ல. உங்க பின்மதிலை ஒட்டி ஒரு..."

"ஊர்ப் பேரெல்லாம் எதுக்குய்யா? வாசனையே சொல்லுதே. நாலு கிலோ போடுங்க. துடைச்சிடாதீங்க!"

பத்து மணிக்குக் கோணி காலி. இடம் காலியாகும் என்று காத்திருந்த அணில் கேக்கோடு வீட்டுக்குப் போனது.

வீரணனைப் பார்த்ததும் செவ்வந்தி மூக்கைப் பொத்திக்கொண்டு தேங்காய் நாரை எடுத்தாள்.

"கிட்ட வராதே" என்றான் வீரணன். "அடுத்த ஞாயிறு வரைக்கும் இது அப்படியே இருக்கணும்."

நீதி: சந்தைக்குக் கிளம்புமுன் குளிக்காதீர்கள். குளித்தே தீரவேண்டும் என்றால், வாங்குகிறவர்களின் சாக்கடையில் குளியுங்கள். தங்கள் வாசனையை யாரும் குறை சொல்வதில்லை.