நாற்பத்தொரு வித்தியாசங்கள்

"அடப்பாவிகளா, கலந்துட்டீங்களா!"

சாப்பாட்டு மேசையைப் பார்த்ததும் பிழைதிருத்துபவர் கத்தினார். மேசை முழுக்க நூற்றெட்டுச் சீட்டுகள். ஒரு பக்கம் அவருடைய அக்கா, கையில் பதின்மூன்று சீட்டுகளை விரித்துப் பிடித்துக்கொண்டு. எதிரே மச்சினன், வாயெல்லாம் பல்லாக. அந்த வீட்டில் யாராவது சிரித்து எட்டு மாதம் ஆகிறது.

"ரம்மிக்கு ரெண்டு கட்டு வேணுமே மாமா. அலமாரியில ஒரே மாதிரி ரெண்டு இருந்துச்சு," என்றான் மச்சினன்.

ஒரே மாதிரி! யாரிடம் வந்து என்ன பேச்சு! முப்பது வருடம் பதிப்பகத்தில் எழுத்துப்பிழை பிடித்தவர் அவர். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே பூதக்கண்ணாடி. அந்த இரண்டு கட்டுகளும் ஒரே ஓவியர் வரைந்தவை. ஒன்று முதல் பதிப்பு, மற்றது இரண்டாம் பதிப்பு. பெட்டியின் மேல் எழுத்தைத் தவிர எதையும் மாற்றவில்லை என்று அச்சடித்தவர்களே சத்தியம் செய்தார்கள். இவர் விட்டால்தானே? போன வருடம் ராத்திரி ராத்திரியாக ஒப்பிட்டு நாற்பத்தொரு வித்தியாசங்களைக் கண்டுபிடித்து, சீட்டுச் சேகரிப்பவர்களின் பத்திரிகையில் பன்னிரண்டு பக்கத்துக்கு எழுதித் தள்ளினார். அதில் முப்பத்தெட்டாவது ரொம்பப் பிரசித்தம்: முதல் பதிப்பின் தாள் ஒரு நாள் வழவழப்பாக இருக்கும், மறுநாள் சொரசொரக்கும், வானிலைக்கேற்ப மாறுகிற அபூர்வத் தாள் அது.

ஆனால் இன்றைக்கு அவர் பதறியது அந்தப் பெருமைக்காக இல்லை. முதல் பதிப்பு அவர் மனைவியுடையது. கடைசி ஒரு வருடம் படுத்த படுக்கையாக இருந்தபோது அவள் கையிலேயே கிடந்த சீட்டுகள். இரண்டாம் பதிப்பை அவளைத் தொடவே விட்டதில்லை. ஒப்பிட்டுப் பார்க்கக் கை படாத கட்டு ஒன்று வேண்டுமே. அவளுடைய புடவைகளை யார் யாரோ கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். அவளுடையது என்று அவர் பொத்திப் பொத்தி வைத்திருந்தது அந்த ஐம்பத்துநான்கு சீட்டுகளைத்தான்.

"எதுக்குடா இப்படிக் கத்துற? பிரிச்சுட்டாப் போச்சு," என்றாள் அக்கா.

ஜன்னலோரம் உட்கார்ந்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார். பின்பக்க நீலத்தின் அடர்த்தி, ஓரத்து வெள்ளைக்கோட்டின் அகலம், கொடியின் வளைவு என்று தன் பட்டியல்படியே ஒவ்வொன்றாகப் பிரித்தார். மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. அக்கா எண்ணிப் பார்த்தாள்.

"தம்பி, இதுல அறுபத்துமூணு இருக்கு. அதுல நாப்பத்தஞ்சுதான்."

"சரியா எண்ணுக்கா."

"எண்ணிட்டேன்டா. இதுல ஆட்டின் ராணியே ரெண்டு பேர் இருக்காங்க. அந்தப் பக்கம் ஒரு ராஜா கூட இல்ல."

"எல்லாம் குடும்பத்தோட இங்க குடி வந்துட்டாங்க போல," என்றான் மச்சினன். யாரும் சிரிக்கவில்லை.

"வெளிச்சம் சரியில்ல," என்றார் அவர். உடனே மச்சினன் விளக்கைப் போட்டான். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் நூற்றெட்டுச் சீட்டும் பச்சையாகத் தெரிந்தன. "அணைச்சுத் தொலை, ஜன்னலைத் திற!" என்று கத்தினார். அவன் திறந்தான், இரண்டு கதவுகளையும் அகலமாக. அடித்த காற்றில் அறுபத்துமூன்றும் நாற்பத்தைந்தும் தரையில் ஒன்றுக்குள் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தன. ஜோக்கர் ஒன்று ஃபிரிட்ஜுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அதை எடுக்கக் குனிந்த மச்சினன் நெற்றியில் நங்கென்று இடித்துக்கொண்டு, "ஐயோ" என்று உள்ளே போனான்.

தரையில் உட்கார்ந்து சீட்டுகளைப் பொறுக்கியபோதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. ஒரு சீட்டை மூக்கருகே கொண்டுபோனார். தலைவலித் தைலம்! அவள் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை தடவிக்கொள்வாள். அவளே பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. இத்தனை நாளாக நீலத்தையும் கோட்டையும் கட்டிக்கொண்டு அழுதோமே, மூக்கை மறந்தோமே என்று தன்னையே திட்டிக்கொண்டு மோந்து பார்க்க ஆரம்பித்தார். வாசனை உள்ளது வலப்பக்கம், இல்லாதது இடப்பக்கம்.

முதலில் நன்றாகத்தான் போயிற்று. போகப் போக வலப்பக்கம் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. எண்பது தாண்டியதும் சந்தேகப்பட்டு நிமிர்ந்தார். மச்சினன் பக்கத்தில் மண்டியிட்டு ஒவ்வொரு சீட்டாகத் துடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். நெற்றி பளபளத்தது.

"என்னடா அது நெத்தியில?"

"இடிச்சுக்கிட்டேன்ல மாமா. எங்க அக்காவோட தைலம் இன்னும் கொஞ்சம் இருந்துச்சு. தேய்ச்சுக்கிட்டேன்."

அவர் எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை பேசினால் அவனை அடித்துவிடுவோமோ என்று பயமாக இருந்தது. அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார். அக்கா ஈரத்துணியும் சோப்புமாக உட்கார்ந்திருந்தாள்.

"அந்தப் பய பூசின தைலத்தையெல்லாம் சுத்தமாத் துடைச்சுட்டேன் தம்பி. ஒரு சீட்டு பாக்கியில்ல. இனிமே நிம்மதியா மொதல்லேர்ந்து மோந்து பாரு."

எட்டு மாதமாக அழாத மனுஷன், நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார்.

"ஒரே ஒரு ஆட்டம் ரம்மி ஆடலாம் வாங்கன்னு தினமும் கேட்டாக்கா. ரெண்டு கட்டு கலந்தாத்தான் ரம்மின்னு அடம். பதிப்பு கலந்துடும், வேற கட்டு வாங்கிட்டு வர்றேன்னு சொல்லிச் சொல்லியே ஒரு வருஷத்தை ஓட்டிட்டேன். கடைசி வரைக்கும் வாங்கவே இல்ல. அவளும் ஒத்தையா உட்கார்ந்து சீட்டை அடுக்கி அடுக்கிப் பார்த்துட்டுப் போய்ச் சேர்ந்துட்டா. படுபாவி நான், ஒரு ஆட்டம் ஆடியிருக்கக் கூடாதா?"

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மச்சினன் தலையைக் குனிந்துகொண்டான்.

அப்போது வாசலில் மணி அடித்தது. பகல் நேரத்தில் அவர் மனைவியைப் பார்த்துக்கொண்ட நர்ஸ். தன்னிடம் தங்கிப்போன வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வந்திருந்தாள். மேசையைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. அவர்கள் முகங்களைப் பார்த்ததும் வாடியது.

"என்ன ஆச்சு சார்?"

"ரெண்டு கட்டும் கலந்துடுச்சும்மா," என்றான் மச்சினன். "எங்க அக்கா தொட்டது எது, தொடாதது எதுன்னு பிரிக்க முடியல."

நர்ஸ் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவரை ஒரு தடவை பார்த்தாள், சீட்டுகளை ஒரு தடவை பார்த்தாள். சாவியை மெதுவாக மேசைமேல் வைத்தாள்.

"திட்டாதீங்க சார், தினமும் மத்தியானம் அம்மாவும் நானும் ரெண்டு கட்டையும் கலந்துதான் ரம்மி ஆடுவோம்; நீங்க வர்ற நேரமாச்சுன்னா எல்லாச் சீட்டுலயும் பெட்டிக்கு ஒண்ணா எடுத்துத் திணிச்சிடுவோம், எது எந்தப் பெட்டிக்குப் போச்சுன்னு யாரு பார்த்தா?"