மூன்று தரம் கேட்ட கபூல்

"இது வீசிடி இல்ல காக்கா," என்றார் மெஷின் திருத்தும் நஸ்ரி, டீவிடி மெஷின் நாலாம் தரமும் வெளியே தள்ளிய தட்டைத் துடைத்தபடி.

அபூதாஹிருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாளைக்கு மகளின் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். தேத்தண்ணீர் ஆறும் முன்னே மனைவி மைமூனா அந்தக் கதையை எடுப்பாள். முப்பது வருசத்துக்கு முன் நிக்காஹ்வில் சம்மதம் கேட்டபோது, மாப்பிள்ளை ஒப்புக்கொண்டு "கபூல்" சொல்ல ஓதிவைத்த லெப்பை மூன்று தரம் கேட்க வேண்டியிருந்ததாம்! பள்ளிவாசலில் நடந்ததை வீட்டுக்குள் இருந்த மணப்பெண் எங்கே கண்டாள்? அவளுடைய தம்பி றஊப் வந்து சொன்னதுதான். கேட்டவுடன் சொன்னேன் என்று அபூதாஹிர் தொண்டை கிழியக் கத்தியும் ஒரு சனம் நம்பவில்லை. இருக்கிற ஒரே சாட்சி அந்த நிக்காஹ் படம் பதிந்த இந்தத் தட்டுதான்.

"அப்ப இது என்னதான்?"

"சிடி-ஐ. ஒல்லாந்தில இருந்த உங்கட மச்சான் செஞ்சு கொண்டுவந்தது தானே? ரெண்டிலயும் படம் ஒரே மாதிரித்தான். ஆனா வீசிடிய எதிலயும் போடலாம். இது அதுக்கெண்டு உள்ள மெஷின் இல்லாட்டி ஏலாது. இதுக்கும் முந்தி தங்க நிறத்தில ஒண்டு வந்தது, அதில அஞ்சு நிமிசம்தான்..."

"நஸ்ரி, எனக்குப் பாடம் வேணாம். மெஷின் வேணும்."

ஓர்ஸ் ஹில் பக்கம் கப்பல் கழிவுச் சாமான் விற்கும் கடையில் அந்த மெஷின் அகப்பட்டது. கொண்டுவந்து டீவியில் பூட்டினார்கள். திரையில் தொப்பியும் மாலையுமாக இளம் அபூதாஹிர் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருந்தார். பத்து நிமிசமாகியும் கண் இமைகூட அசையவில்லை.

"அண்டைக்கும் இப்பிடித்தான் குந்தியிருந்தீங்களாம்," என்றாள் மைமூனா.

"அசையிற படத்துக்குத் தனியா ஒரு கார்ட் போடணும் காக்கா. வீசிடியில இந்தக் கரைச்சல் இல்ல."

"இதை முதலே சொல்லியிருக்கலாமே!"

"நீங்கதானே பாடம் வேணாம் எண்டீங்க?"

கார்ட் தேடி நஸ்ரி அலைந்த நேரத்தில் அபூதாஹிர் சும்மா இருந்திருக்கலாம். ஊரெல்லாம் போன் போட்டு, "பின்னேரம் வந்து உங்கட கண்ணால பாருங்க!" என்று சவால் விட்டார். கிண்ணியாவிலிருந்து மைமூனாவின் தங்கை பல்கீஸ் வந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் உட்காரக் கதிரையோடு வந்தார்கள்.

கடைசியில் படம் ஓடியது. சமையல் கிடாரத்தையே அரை மணி நேரம் காட்டினார்கள். பிறகு ஊர்வலம். பிறகு யாரோ ஒருவருடைய புது மோட்டார் சைக்கிள். அபூதாஹிர் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். ஒருவழியாக லெப்பை குனிந்து கேட்டார். இளம் அபூதாஹிர் வாயைத் திறந்தார்.

திரை நீலமாகியது.

"ஒரு தட்டில எழுபத்திச் சொச்ச நிமிசம்தான்," என்றார் நஸ்ரி. "வீசிடி எண்டாலும் இதே கதைதான். மிச்சம் ரெண்டாவதில இருக்கும்."

"யா அல்லாஹ்! ரெண்டாவது எங்க?" அபூதாஹிர் அலுமாரியையே கவிழ்த்தார். "மைமூனா, எங்க அது?"

"எனக்கென்ன தெரியும்?" என்றாள் அவள் சுவரைப் பார்த்தபடி.

"வெளியில கருவாட்டுக்கு மேல காகம் விரட்டத் தொங்குதே, அதுதான் மச்சான்," என்றாள் பல்கீஸ். "நீங்க வீட்டில இல்லாத நேரம் ஒல்லாந்து மச்சான் மெஷினோட வந்தவர். லெப்பை கேட்ட கையோட நீங்க கபூல் சொன்னதைப் பார்த்திட்டு மைமூனா ராத்தா அண்டைக்கே கொண்டுபோய்க் கட்டினவ!"